மேஜரின் இடது காது

வலது காது நின்றுவிட்டது. இடது காதுதான் நிற்க மாட்டேன் என்றது.

இரண்டாம் பூசைக்கு மணி அடிப்பதற்குள் அதை எப்படியாவது நிறுத்திவிடுவது என்று ஸ்தனிஸ்லாஸ் பெரைரா கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பிளாஸ்திரி, மறு கையில் சிகரெட் பெட்டியிலிருந்து கத்தரித்த அட்டை, மடியில் மேஜரின் தலை. மேஜர் அந்த அட்டையைத் தின்று பார்க்க முயன்றது. முடியாமல் போகவே, எக்கேடும் கெட்டுப்போ என்று காதைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"அல்சேஷனுக்கு ரெண்டு காதும் நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் அவர் மனைவி வெரோனிகா.

"நிக்கும். இன்னும் குட்டிதானே."

"ஒண்ணு நின்னு ஒண்ணு தொங்கினா ஜாதி கலந்ததுன்னு அர்த்தமாம். பக்கத்து வீட்டு ஓவர்சியர் சொன்னார்."

ஸ்தனிஸ்லாஸுக்குச் சுருக்கென்றது. கலப்பு என்ற வார்த்தையை அந்த வீட்டில் சொல்லும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு என்பது அவர் எண்ணம்.

அவர் சுங்க இலாகாவில் தலைமைக் குமாஸ்தா. சாந்தோமில் பெரைரா குடும்பம் என்றால் தெரியாதவர்கள் கிடையாது; தெரியாதவர்களுக்கு அவரே போய்த் தெரிவித்துவிடுவார். முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஒரு போர்த்துகீசியக் கப்பல் தலைவன், இந்தக் கரையில் இறங்கி இங்கேயே பெண்ணெடுத்தவன், அன்றிலிருந்து இன்றுவரை சுத்தமான வம்சம் என்பார். கப்பல் தலைவன் இங்கே பெண்ணெடுத்த பிறகு சுத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்க யாருக்கும் தைரியம் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவருடைய மகள் ஃப்ளோரா, கோவில் பாடற்குழுவில் கூடப் பாடுகிற காஸ்பரைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றாள். பையன் நல்லவன், ரயில்வேயில் உத்தியோகம், பூசை தவறாதவன். தகப்பன் வழியெல்லாம் சரிதான். தாயார் பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்தியர் குடும்பம். அந்த அம்மாளின் தாய் யார், அவளுடைய தாய் யார் என்றெல்லாம் ஸ்தனிஸ்லாஸ் துருவித் துருவி விசாரித்து வந்து தீர்ப்புச் சொன்னார்.

"கலப்பு ரத்தம் கட்டுப்படாது. இன்னிக்கு அப்பன் குணம் வரும், நாளைக்கு ஆத்தா குணம் வரும். எது எப்ப மேல வரும்னு யாருக்குத் தெரியும்?"

ஃப்ளோரா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். வெரோனிகா மட்டும் உடனே தலையாட்டினாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். கல்யாணமான நாள் முதல் அவள் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அந்த வீட்டில் முடிவெடுப்பது தாம்தான் என்பதில் ஸ்தனிஸ்லாஸுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் நாய் வாங்கும் யோசனை வந்தது. யுத்தம் முடிந்து, வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். அவர்கள் விட்டுப்போன நாற்காலி, பீங்கான், நாய் எல்லாம் மூர் மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு முட்டை கொண்டுவந்து போடும் ஹாஜிரா பீயின் புருஷன் குலாம் முகம்மது அங்கே நாய்க்குட்டி வியாபாரம் செய்தான். "யார்கிட்ட வேணும்னாலும் வாங்குங்க, அந்த ஆள்கிட்ட மட்டும் போகாதீங்க" என்று வெரோனிகா கேட்டுக்கொண்டாள். ஸ்தனிஸ்லாஸ் நேரே அந்த ஆளிடம் போனார்.

குலாம் முகம்மது குட்டியின் தகப்பனைக் காட்டினான். சங்கிலியில் கட்டியிருந்த அது ஓநாய்போல இருந்தது. எவனோ ஒரு மேஜர் துரை வளர்த்ததாம். ஸ்தனிஸ்லாஸுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. காஸ்பர் விஷயத்தில் தாய் வழியைத் தோண்டித் தோண்டிப் பார்த்தவருக்கு, நாய் விஷயத்தில் தாய் யார் என்று கேட்கத் தோன்றவேயில்லை. தகப்பனைப் பார்த்தாயிற்று, பிறகென்ன என்று குட்டியைக் கூடையில் வைத்து டிராமில் ஏறிவிட்டார். வரும் வழியெல்லாம் அசல் அல்சேஷன் என்று கண்டக்டர் உள்பட எல்லோருக்கும் சொன்னார்.

அசல் இப்போது ஒரு காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அட்டை வைத்து ஒட்டிய காது நின்றது. ஆனால் உட்பக்கமாகச் சாய்ந்து நின்றது. மேஜர் தலையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு, காது கேட்காத கிழவர் மாதிரி தெருவில் நடந்தது. அடுத்த வீட்டுப் பஞ்சாட்சரம் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். தூய வெள்ளையில் வெள்ளைச்சி என்ற ராஜபாளையம் நாய் வைத்திருந்தார். வெள்ளைச்சியைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. அது ராஜ வம்சத்துக் கம்பீரம், கண்டவன் கூப்பிட்டால் திரும்பாது என்பது பஞ்சாட்சரம் சொல்லும் விளக்கம். அவரே கூப்பிட்டாலும் அது திரும்பியதில்லை.

"காதுல என்ன சார் கட்டு?"

"சீழ்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

பஞ்சாட்சரம் பரோபகாரி. மாலையே வேப்பெண்ணெயும் பூண்டும் காய்ச்சி எடுத்துவந்து தம் கையாலேயே ஊற்றினார். அட்டை ஊறிப்போய்க் காது பழையபடி விழுந்தது. அதோடு மேஜருக்குப் பூண்டு வாசனை பிடித்துப்போய், அன்றுமுதல் பஞ்சாட்சரத்தைக் கண்டால் கொல்லையிலிருந்து ஓடிவந்து அவர் விரல்களை நக்க ஆரம்பித்தது.

காதை ஒருவாறு மறந்தபோது வால் கிளம்பியது. அல்சேஷனின் வால் கத்தி மாதிரி கீழே தொங்க வேண்டும். மேஜரின் வால் முதுகுக்கு மேல் வளையம் போட்டது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று ஊரே பழமொழி சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த விஷயம் அது. ஸ்தனிஸ்லாஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. குப்பத்துக்குப் போய், வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை வாங்கிவந்து வாலில் கட்டினார்.

வால் இறங்கியது. ஆனால் மேஜர் சந்தோஷப் பிராணி. யாரைக் கண்டாலும் வாலை ஆட்டும். ஈயக்குண்டு முதலில் மாதா படத்துக்கு முன்னாலிருந்த கண்ணாடி விளக்கை உடைத்தது. பிறகு குடிதண்ணீர்ப் பானை போயிற்று. பால்காரனைப் பார்த்த சந்தோஷத்தில் தகரக் கதவின்மேல் அடித்த அடியில், எதிர் வீட்டுக்காரர் யுத்தம் திரும்ப வந்துவிட்டதென்று எழுந்து உட்கார்ந்தார்.

வெரோனிகா பானை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே பெருமூச்சு விட்டாள். "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்களேன். கலப்பு கட்டுப்படாதுன்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்க. எனக்குத்தான் புத்தி இல்ல."

"இது கலப்பில்லைங்கறேன்."

"சரி, கலப்பில்லை" என்றாள் அவள், வழக்கம்போல.

அந்தச் சமயம் பார்த்துப் பஞ்சாட்சரத்தின் தலை மதிலுக்கு மேல் தெரிந்தது. "ஏன் சார், அல்சேஷனுக்கு வால்ல எதுக்கு ஈயக்குண்டு?"

ஸ்தனிஸ்லாஸ் நிமிர்ந்தார். வம்சத்துப் பெருமையெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. "இது அல்சேஷன்னு யார் சொன்னது?" என்றார்.

"நீங்கதான்."

"ஜனங்களுக்குப் புரியட்டும்னு அப்படிச் சொன்னேன். இது போர்ச்சுகீஸ் கடல் நாய். எங்க முன்னோர் கப்பல்ல கொண்டுவந்த ஜாதி. ஒரு காது காத்தைக் கேக்கும், ஒரு காது தண்ணியைக் கேக்கும். குண்டு கட்டறது நீச்சல் பழக்க."

இதைச் சொல்லி முடித்தபோது அவருக்கே அது உண்மையாகத்தான் இருக்குமோ என்று பட்டது.

பஞ்சாட்சரம் வாயடைத்துப் போனார். வாயடைத்துப் போனவர் அப்படியே இருந்திருக்கலாம். மறுநாள் காலை லஸ் பக்கம் உலாவப் போனபோது எல்லோருக்கும் சொல்லிவிட்டார். மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் ஜட்கா வைத்துக்கொண்டு பார்க்க வந்தார். மேஜரைச் சுற்றிச் சுற்றி வந்து, "லட்சணமா இருக்கு. குட்டி போட்டா எங்காத்துக்கு ஒண்ணு அவசியம் வேணும்" என்றார். மேஜர் ஆண் நாய் என்பதை ஸ்தனிஸ்லாஸ் மெல்ல எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

விஷயம் பங்குச் சுவாமியார் காதுக்கும் போயிற்று. ஜனவரியில் வனத்து அந்தோணியார் திருநாள் வரும். அன்று குப்பத்துச் சிற்றாலயத்துக்கு முன்னால் ஆடு, மாடு, கோழியெல்லாம் கூட்டிவந்து மந்திரிப்பது வழக்கம். இந்த வருஷம் பெரைரா வீட்டுக் கடல் நாய் நீந்திப்போய், மீனவர் எறியும் மிதவையை எடுத்துவரட்டும், பிறகு மந்திரிப்பை ஆரம்பிக்கலாம் என்று சுவாமியார் ஆசைப்பட்டார். சுவாமியார் ஆசைப்பட்டால் மறுக்க முடியுமா?

ஸ்தனிஸ்லாஸ் தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் மேஜரைக் கடற்கரைக்கு நடத்திப் போனார். மேஜர் ஈர மணல்வரை வரும். அலையைப் பார்த்து ஒரு முறை குரைக்கும். பிறகு தண்ணீரோரம் விளையாடும் பிள்ளைகளை ஒவ்வொன்றாக முழங்காலில் முட்டித் தள்ளிக் கரைக்குச் சேர்க்கும். சேர்த்த பிறகு நடுவில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது மாதிரி எல்லாரையும் ஒரு பார்வை பார்க்கும்.

"இன்னா சார், நாயி கடல்ல எறங்காம எங்க பசங்கள மேய்ச்சிக்கினு கீது" என்றாள் மீன்காரி பாஞ்சாலி.

"பழகிட்டிருக்கு" என்றார் அவர்.

இந்த நாட்களில்தான் அவர் மேஜரை உற்றுக் கவனிக்க ஆரம்பித்தார். வெளியில் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உள்ளுக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. தாய் ஏதோ தெருநாய். ஆகவே எந்தக் குணம் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்த்தார். கதவு தட்டினால் பாய்ந்து போய்க் குரைப்பது தகப்பன் பக்கம். குரைத்த பிறகு வந்தவன் கையை நக்குவது தாய் பக்கம். மேய்ப்பது தகப்பன்; அல்சேஷன் ஆதியில் ஆடு மேய்த்த ஜாதி. ரேஷன் அரிசிக் கஞ்சியை முகம் சுளிக்காமல் நக்கிக் குடிப்பது தாய். துரைமார் நாய்கள் வெயிலில் நாக்குத் தள்ளிச் சுருண்டு கிடக்க, இது மொட்டை வெயிலிலும் காகம் துரத்தியது. அது தாய் கொடுத்த உடம்பு. ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்ளும் புத்தி யாருடையது என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பம் வந்தது.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஜன்னி கண்டு நாலைந்து நாள் படுத்துவிட்டார். இடிச் சத்தம் கேட்டால் விறகுக் கட்டுக்குள் போய் ஒளிகிற மேஜர், இடியும் மழையுமாக இருந்த அந்த நாட்களில் கட்டிலடியை விட்டு நகரவில்லை. வைத்த சோறு அப்படியே இருந்தது. அவர் கண் விழித்தபோது ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது தொங்கியும் அந்த முகம் கட்டில் விளிம்பில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இது எந்தப் பக்கம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நாயின்மேல் அவருக்கு உயிராகிவிட்டது.

வெரோனிகா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்களுக்கு உடம்பு தேறினதும் இதைக் குப்பத்து ஆட்டுக்காரனுக்குக் குடுத்துடலாம். கேட்டுக்கிட்டே இருக்கான். கலப்பு ரத்தம், நாளைக்கே நம்மளைக் கடிச்சாலும் கடிக்கும்" என்றாள்.

"யார் சொன்னா கடிக்கும்னு? அசல் அசல்னு வாங்கினவங்க வீட்டுலதான் கடி" என்று படுத்தபடியே சீறினார் ஸ்தனிஸ்லாஸ். "ரெண்டு கலந்தா ரெண்டுல நல்லதும் வரும். உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்கெங்க புரியப்போகுது" என்று அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

திருநாள் வந்தது. சிற்றாலயத்துக்கு முன்னால் மணலில் குப்பமே கூடிவிட்டது. ஆடுகள், கோழிகள், இரண்டு வண்டி மாடுகள், சாந்தோம் குடும்பங்கள், பாடற்குழு. குழுவில் காஸ்பர் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஃப்ளோரா இன்னொரு மூலையில் நின்றாள். வேடிக்கை பார்க்க மயிலாப்பூர் வக்கீலும் வந்திருந்தார். பஞ்சாட்சரம் வெள்ளைச்சிக்கு மாலை போட்டு அழைத்து வந்திருந்தார்.

மீனவர்கள் மிதவையைத் தூக்கி எறிந்தார்கள். "மேஜர், போ" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

மேஜர் கடலைப் பார்த்தது. கடலோரம் இத்தனை பேர் நிற்பதையும் பார்த்தது. அதன் மனதுக்கு இது பொறுக்கவில்லை. வட்டமாக ஓர் ஓட்டம் ஓடி, முதலில் ஆடுகளை ஒன்று சேர்த்தது. பிறகு பிள்ளைகளைச் சேர்த்தது. பிறகு கணுக்காலில் பல் படாமல் முட்டி முட்டி வக்கீலை நகர்த்தியது. சுவாமியாரையும் அது விட்டுவைக்கவில்லை. அங்கியைக் கவ்வி இழுத்துக்கொண்டு போயிற்று. சற்று நேரத்தில் மொத்தக் கூட்டமும் ஆலயச் சுற்றுச்சுவருக்குள் இருந்தது. மேஜர் வாசலில் குறுக்கே உட்கார்ந்து, வளைந்த வாலை ஆட்டிக்கொண்டு ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தது. பெரிய அலையிலிருந்து அது ஊரைக் காப்பாற்றியதாகப் பிற்பாடு கதை கட்டினார்கள். உண்மையில் அன்று கடல் குளம்போலக் கிடந்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"பெரைரா சார்" என்றார் பஞ்சாட்சரம், எல்லோருக்கும் கேட்கும்படி. "கடல் நாயும் இல்ல, கப்பல் நாயும் இல்ல. பாதி ஆட்டு நாய், பாதி தெரு நாய். அப்பட்டமான கலப்பு."

ஸ்தனிஸ்லாஸுக்கு முகம் வெந்தது. வெரோனிகா முன்னால் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? கலப்பு ரத்தம் மானத்தை வாங்காம விடாது. ஏம்பா ஆட்டுக்காரா, இப்பவே ஓட்டிக்கிட்டுப் போ." ஆட்டுக்காரன் கயிறோடு வந்தான். மேஜர் அவனையும் நம்பி வாலை ஆட்டியது.

ஸ்தனிஸ்லாஸ் குறுக்கே போய் நின்றார்.

"தொடாதே" என்றார். "ஆமாம், கலப்புதான். அதுக்கென்ன இப்போ? ஓவர்சியர் சார், உங்க வெள்ளைச்சி கூப்பிட்டா திரும்பறதில்லையே, அது கம்பீரமில்ல. அதுக்குக் காது கேக்காது. வெள்ளைக்கு வெள்ளையே சேர்த்துச் சேர்த்து அசல் கெடாமப் பார்த்துக்கிட்ட பலன்." அவர் வெள்ளைச்சியின் தலைக்குப் பின்னால் கையைத் தட்டிக் காட்டினார். வெள்ளைச்சி மாலையை முகர்ந்துகொண்டிருந்தது. பஞ்சாட்சரம் அதைக் குனிந்து பார்த்தார்.

ஸ்தனிஸ்லாஸ் நிறுத்தவில்லை. வெயில் தாங்கும் உடம்பைச் சொன்னார், ஒரு பிள்ளையைக்கூடக் கடிக்காத குணத்தைச் சொன்னார், காய்ச்சலில் கட்டிலடியில் கிடந்ததைச் சொன்னார். "எந்தக் குணம் எந்தப் பக்கம்னு நானும் பிரிச்சுப் பார்த்துட்டேன். பிரிக்க முடியலை. ரெண்டும் சேர்ந்து அதுக்குன்னு தனியா ஒரு குணம் வந்துடுது. வளர்க்கிறவன் அதைப் பார்க்கணும். ரத்தத்தைப் பார்க்கிறவன் முட்டாள்."

சுவாமியார் அங்கியின் கிழிசலைச் சரிசெய்துகொண்டே, கபடில்லாமல் கேட்டார். "நல்லாச் சொன்னீங்க பெரைரா. அப்போ நம்ம காஸ்பர் பையன் விஷயம்?"

பாடற்குழுவில் இரண்டு தலைகள் நிமிர்ந்தன.

வெரோனிகா பதறிப்போய், "சாமி, அதை எடுக்காதீங்க. நாய்க்குச் சொன்னது மனுஷனுக்குப் பொருந்தாது" என்றாள்.

"ஏன் பொருந்தாது?" என்று அவள் பக்கம் திரும்பிக் கேட்டார் ஸ்தனிஸ்லாஸ். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு விளங்கியது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஃப்ளோரா கண்ணில் நீர் நிறைந்திருந்தது. காலடியில் மேஜர் உட்கார்ந்து, நிற்கிற காதால் ஒரு பக்கமும் நிற்காத காதால் ஒரு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பொருந்தும்" என்றார் அவர்.

கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் கூடாத தபசு காலம் தொடங்குமுன் எல்லாம் நடந்து முடிந்தது. வீட்டுக் கொல்லையில் பந்தல் போட்டுப் பந்தி நடந்தது. மாப்பிள்ளையின் தாயார் கவுனோடு வந்து பெரைராவின் கையைக் குலுக்கினார். பஞ்சாட்சரம் வெள்ளைச்சிக்கு இப்போது கைச்சாடை பழக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மேஜர் விருந்தாளிகளைப் பந்திக்கு ஓட்டிக்கொண்டிருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் நிறைந்த மனதோடு உலாவினார். ஊர் என்ன சொல்லும் என்று பாராமல் தைரியமாக ஒரு முடிவெடுத்ததை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. எல்லாம் முடிவான பிறகு, அவள் வழக்கப்படி, வெரோனிகா "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பந்தலோரம் ஹாஜிரா பீயோடு வந்திருந்த குலாம் முகம்மது பிரியாணித் தட்டோடு நின்றான். ஸ்தனிஸ்லாஸ் அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"அசல்னு சொல்லி என் தலையில கலப்பைக் கட்டிட்டியேப்பா. பரவாயில்ல, மன்னிச்சுட்டேன். அதனாலதான் இன்னிக்கு இந்தக் கல்யாணமே நடக்குது."

குலாம் முகம்மது தட்டைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது.

"நானா சார் ஏமாத்துனேன்? உங்களுக்குன்னு அசல் குட்டி ஒண்ணை எடுத்து வெச்சிருந்தேன். அம்மாதான் மொத நாளே எங்க பீவிகிட்ட சொல்லி அனுப்பிச்சாங்க, 'ஐயாவுக்கு அசலைக் கண்ணுல காட்டாதே. வளர வளரக் கலப்புன்னு ஊருக்கே தெரியணும், அப்படி ஒண்ணாப் பாத்துக் குடு'ன்னு."